நிலாவில் பாட்டியா, முயலா?

படப்புத்தகங்கள் வழியாகச் சிறு குழந்தைகளுக்குப் பிற நாட்டு வாழ்க்கையை அறிமுகம் செய்வது பற்றி வாசகர்களிடமிருந்து கேள்விகளைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் எட்டினைத் தேர்ந்து, மழலையர் பள்ளியில் பல்லாண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது வார இறுதிகளில் குழந்தைகளுக்குக் கதை வாசித்துவரும் ஆசிரியை ஒருவரிடம் கொடுத்தோம். அவருடைய பதில்கள் இவை.

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. பக்கத்துக்கு ஒரு நாடாக நாற்பது நாடுகளின் கொடி, உடை, உணவு ஆகியவற்றைப் படங்களோடு அச்சிட்ட பெரிய புத்தகம் ஒன்றை வாங்கினேன். மூன்றாம் பக்கத்திலேயே எழுந்து ஓடிவிடுகிறாள். எங்கே தவறு?
– ஒரு தாய், திருச்சி

தவறு மகளிடம் இல்லை. நீங்கள் வாங்கியது கதைப்புத்தகம் அன்று. உடை உடுத்திய நிலப்படம். நான்கு வயதில் நாடு என்பது ஒரு பொருளாகவே மனத்தில் உருவாகியிருக்காது. அவளுடைய உலகத்தில் வீடு இருக்கிறது, அத்தை வீடு இருக்கிறது, தெருமுனைக் கடை இருக்கிறது, பேருந்தில் ஏறித் தூங்கி எழுந்தால் வந்துவிடுகிற பாட்டி ஊர் இருக்கிறது. பிரேசிலும் நார்வேயும் அவளுக்கு இரண்டு வண்ணத் துணிகள்தாம்.

இத்தகைய புத்தகங்களில் இன்னொரு கோளாறும் உண்டு. ஜப்பானியச் சிறுமி எந்நாளும் கிமோனோவில் நிற்பாள். நெதர்லாந்துச் சிறுவன் எந்நாளும் மரக்காலணியோடு நிற்பான். அதில் இந்தியாவின் பக்கத்தை எடுத்து உங்கள் மகளிடமே காட்டிப் பாருங்கள். பட்டுப்பாவாடையும் நெற்றிச்சுட்டியுமாக ஒரு பெண் நின்றிருந்தால், 'இது கல்யாணத்துக்குத்தானே போடுவோம்' என்று அவளே சொல்லிவிடுவாள். மற்ற முப்பத்தொன்பது பக்கங்களுக்கும் அதே நியாயம்தான்.

ஒரு குழந்தையின் ஒரே ஒரு நாளிலிருந்து தொடங்குங்கள். நாட்டின் பெயர் பிறகு தானாக வந்து சேரும். எனக்கு மிகவும் கைகொடுத்திருப்பது எஸ்ரா ஜாக் கீட்ஸ் எழுதி வரைந்து 1962இல் அமெரிக்காவில் வெளிவந்த 'தி ஸ்னோயி டே'. பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் காலையில் கண் விழித்துப் பார்க்கும்போது நகரம் முழுவதும் பனி மூடிக் கிடக்கிறது. சிவப்பு அங்கியை மாட்டிக்கொண்டு வெளியே போகிறான். கால் விரல்களை வெளிப்பக்கமாகத் திருப்பி நடந்து ஒரு தடம், உட்பக்கமாகத் திருப்பி நடந்து ஒரு தடம் போடுகிறான். ஒரு குச்சியால் மரத்தைத் தட்ட, கிளையிலிருந்த பனி அவன் தலையிலேயே விழுகிறது. மாலையில் ஒரு பனி உருண்டையை நாளைக்கு வேண்டும் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வருகிறான். படுக்கப் போகும் முன் கையை விட்டுப் பார்த்தால் பை காலி. கதை அவ்வளவுதான். இந்தப் புத்தகத்துக்கு 1963இல், படப்புத்தகங்களுக்காக அமெரிக்காவில் தரப்படும் கால்டெகாட் பதக்கம் கிடைத்தது. நியூயார்க் பொது நூலகம் 2020இல் வெளியிட்ட பட்டியலில், அந்நூலகத்தின் வரலாற்றிலேயே அதிகம் பேர் இரவல் வாங்கிய புத்தகம் இதுதான் என்றும் தெரியவந்தது.

பனியைக் கண்ணால் காணாத பிள்ளைக்கு இது எப்படிப் புரியும் என்று கேட்பீர்கள். நான் ஒருமுறை இதை வாசித்தபோது ஆளுக்கொரு ஐஸ் கட்டியைக் கையில் கொடுத்திருந்தேன். ஒரு சிறுமி மட்டும் யாரிடமும் சொல்லாமல் அதைப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டு கதை முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் பைக்குள் கையை விட்டு, வெளியே எடுத்து, ஈர விரல்களை எல்லோருக்கும் விரித்துக் காட்டினாள். அன்று நான் அமெரிக்கா என்ற சொல்லையே உச்சரிக்கவில்லை. அடுத்த வாரம் அவளே வந்து, பீட்டர் வீடு எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டாள். அந்தக் கேள்வி வரும்வரை காத்திருக்கலாம் என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்வது. வாரம் ஒரு நாடு என்று அட்டவணை போடாதீர்கள்; பிடித்த ஒரு புத்தகத்தைப் பத்து நாள் கேட்டால் பத்து நாளும் அதையே வாசியுங்கள்.

கேள்வி: நம் பண்பாடே இன்னும் பிடிபடாத வயதில் அயல்நாட்டுப் பண்பாடு எதற்கு? குழந்தை குழம்பிப் போகாதா?
– பேரனுக்குக் கதை சொல்லும் ஒரு தாத்தா, சேலம்

ஐயா, உங்கள் பேரனுக்கு நிலாவில் பாட்டி வடை சுடும் கதையை நிச்சயம் சொல்லியிருப்பீர்கள். ஜப்பானில் அதே நிலாவைப் பார்த்து, அதில் ஒரு முயல் உரலில் பசையரிசிச் சோற்றை இடித்து 'மோச்சி' என்ற கொழுக்கட்டைக்கு மாவு ஆக்குகிறது என்கிறார்கள். சீனாவில் அம்முயல் இடிப்பது மருந்து. நிலவில் வாழும் சாங்-அ என்ற தேவதைக்குத் துணையாக இருந்துகொண்டு இடிக்கிறது. பெருங்கடலுக்கு அப்பால் மெக்சிக்கோவின் பழங்குடிக் கதை ஒன்றில், பசித்து வந்த கடவுளுக்குத் தன்னையே உணவாகத் தர முன்வந்த முயலின் உருவத்தை அவர் நிலவில் பதித்துவைக்கிறார். புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் சாதகக் கதை ஒன்றிலும் ஒரு முயல் ஏறக்குறைய இதையே செய்கிறது. வடமொழியில் நிலவுக்குச் சசாங்கன் என்று பெயர். முயலை அடையாளமாக உடையவன் என்று பொருள். தமிழிலும் நிலவின் களங்கத்தை முயற்கறை என்று சொல்லும் வழக்கு இருந்திருக்கிறது. ஆக, முயல் நமக்கும் உறவுதான். பாட்டி சுடும் வடையின் மணத்தில் நாம் அதை மறந்துவிட்டோம்.

இந்த முயல் கதைகளைப் படங்களோடு சொல்லும் புத்தகங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றை வாசித்துவிட்டு, மொட்டை மாடிக்குப் பேரனை அழைத்துப் போய் நிலாவைக் காட்டுங்கள். பாட்டியா, முயலா என்று கேளுங்கள். நான் கேட்ட குழந்தைகளில் யாரும் குழம்பியதில்லை. பாட்டி வடை சுடுகிறாள், முயல் பக்கத்தில் உட்கார்ந்து மாவாட்டிக் கொடுக்கிறது என்று ஒரு பையன் இரண்டு நிமிடத்தில் வழக்கைத் தீர்த்துவைத்தான்.

வீட்டில் பழைய உரலும் உலக்கையும் இருந்தால் இன்னும் நல்லது. ஜப்பானியர் உலக்கைக்குப் பதிலாக நீண்ட காம்புள்ள மரச் சம்மட்டியால் இடிப்பார்கள். ஒருவர் இடிக்க, மற்றவர் இடைவெளியில் கையை விட்டு மாவைப் புரட்டிப்போடுவார். தாளம் தப்பினால் கை போய்விடும். நம் வீடுகளில் ஒருத்தி இடிக்க மற்றொருத்தி தள்ளிக்கொடுத்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை உங்களைத் தவிர வேறு யார் பேரனுக்குச் சொல்ல முடியும்? அயல்நாட்டுக் கதை நம் வீட்டு உரலை மறுபடியும் பேச்சுக்குள் கொண்டுவந்தால் அதில் நமக்கு நட்டம் என்ன?

ருடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1990இல் எழுதிய கட்டுரையில், குழந்தைக்குப் புத்தகம் தன்னைக் காட்டும் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும், பிறரைக் காட்டும் சன்னலாகவும் இருக்க வேண்டும் என்றார். நீங்கள் கண்ணாடிக்காக வாதாடுகிறீர்கள்; அது நியாயமே. தமிழ்க் குழந்தையையும் தமிழ் வீட்டையும் வரைந்த புத்தகங்கள் அலமாரியில் முதலில் இருக்கட்டும். ஆனால் நம் தலைமுறையை நினைத்துப் பாருங்கள். மாஸ்கோவில் தமிழில் அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியாக மலிவு விலைக்கு வந்த அந்த ருஷ்யச் சிறுவர் புத்தகங்களில்தானே நாம் பனிச்சறுக்கு வண்டியையும் சமோவார் என்ற தேநீர்க் கொதிகலத்தையும் பார்த்தோம்? அதனால் நம் வீட்டுப் பொங்கல் கசந்துவிடவில்லை.

கேள்வி: ஐந்து வயது மகன், 'ஆப்பிரிக்கா என்றால் குடிசை, சிங்கம், அவ்வளவுதான்' என்கிறான். அவன் பார்த்த எல்லாப் புத்தகங்களும் அப்படியே இருக்கின்றன. என்ன செய்வது?
– ஒரு தந்தை, கோயம்புத்தூர்

மகன் பார்த்ததைச் சொல்கிறான். ஐக்கிய நாடுகள் அவையில் மட்டும் 54 ஆப்பிரிக்க நாடுகள் உறுப்பினராக உள்ளன. நம் புத்தகக் கடைகளிலோ அவை அனைத்தும் ஒரே ஊர்.

நல்ல புத்தகமே இந்தச் சிக்கலுக்குக் காரணமாகிவிடுவதும் உண்டு. ஐலீன் பிரவுன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி வரைந்து 1994இல் வந்த 'ஹாண்டாஸ் சர்ப்ரைஸ்' கென்யாவின் லுவோ மக்களிடையே நடக்கும் கதை. ஹாண்டா ஏழு வகைப் பழங்களைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்துகொண்டு தோழி அக்கேயோவைப் பார்க்கப் போகிறாள். வாழைப்பழத்தைக் குரங்கு எடுக்கிறது, கொய்யாவை நெருப்புக்கோழி எடுக்கிறது, மாம்பழத்தை யானை தும்பிக்கையை நீட்டி எடுக்கிறது. முன்னால் பார்த்து நடக்கும் ஹாண்டாவுக்கு ஒன்றும் தெரியாது, புத்தகத்தைப் பார்க்கும் குழந்தைக்கு எல்லாம் தெரியும். மூன்று வயதுப் பிள்ளையை இதைவிடச் சிரிக்கவைக்கும் புத்தகத்தை நான் கண்டதில்லை. நம் பிள்ளைகளுக்கு அந்தக் கூடையில் ஏறக்குறைய எல்லாமே தெரிந்த பழங்கள். தலைச்சுமையும் தெரிந்ததே. ஆகவே புத்தகத்தை ஒதுக்க வேண்டாம். அதைத் தனியாக நிற்கவிடாதீர்கள். அதை வாசித்த அதே வாரத்தில் நைரோபி நகரத்தின் நிழற்படங்களைக் காட்டுங்கள். அந்நகரின் ஓரத்திலேயே தேசியப் பூங்கா இருப்பதால், புல்வெளியில் நிற்கும் விலங்குக்குப் பின்னால் அடுக்குமாடிக் கட்டடங்கள் தெரியும் படங்கள் எளிதில் கிடைக்கும். சிங்கத்தைக் கைவிட முடியாத உங்கள் மகனுக்கு அது பொருத்தமான சமரசம். நைஜீரியாவில் பிறந்த எழுத்தாளர் அட்டினுகேயின் 'அன்னா ஹிபிஸ்கஸ்' வரிசையையும் தேடிப் பாருங்கள். தாத்தா, பாட்டி, அத்தைகள், மாமாக்கள், பெரியவர்கள் பேச்சுக்கு நடுவே ஓடித் திரியும் பிள்ளைகள் என்று ஒரு கூட்டுக்குடும்பம் நிறைந்திருக்கும் வீடு அதில் வருகிறது. படிக்கும்போது எனக்கு என் பெரியப்பா வீடுதான் நினைவுக்கு வந்தது.

புத்தகம் வாங்கும்முன் நான் பார்ப்பது இது: கதை நடக்கும் ஊருக்கு ஒரு பெயர் இருக்கிறதா, நடப்பது இன்றா, அன்றா என்று தெரிகிறதா, கதையில் வரும் மக்கள் தங்கள் காரியத்தைப் பார்க்கிறார்களா, அல்லது வாசகனுக்குக் காட்சியாக நிற்கிறார்களா. வட துருவத்தை ஒட்டி வாழும் இன்யூட் மக்களைப் பனிவீட்டில் குடிவைக்கும் புத்தகங்கள் இன்றைக்கும் விற்கின்றன. பனிக்கட்டி வீடு பெரும்பாலும் வேட்டைக்காலத் தங்கல். இன்றைய இன்யூட் பிள்ளை சூடேற்றி உள்ள மரவீட்டில் எழுந்து பள்ளிக்குப் போகிறது.

பார்வையைத் திருப்பிப் போடவும் ஒரு புத்தகம் சென்னையிலேயே இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் கோண்டுப் பழங்குடி ஓவியர் பஜ்ஜு ஷ்யாம் ஓர் உணவகத்தின் சுவரில் ஓவியம் தீட்ட லண்டனுக்குப் போய் இரண்டு மாதம் தங்கினார். திரும்பி வந்தபின் அவர் கண்ட லண்டனைத் தாரா பதிப்பகம் 2004இல் 'தி லண்டன் ஜங்கிள் புக்' என்று வெளியிட்டது. பிக் பென் கடிகாரக் கோபுரம் அதில் சேவலாகிறது, ஏனென்றால் கோண்டு ஊரில் நேரத்தைச் சொல்வது சேவல். பாதாள ரயில் மண்புழுவாகிறது. அவரை நாள்தோறும் தவறாமல் கொண்டுபோய்விட்ட 30ஆம் எண் பேருந்து, விசுவாசமான நாயாகிறது. ஐந்து வயதுக்கு முழுப் புத்தகமும் அதிகம்; ஆனால் படங்களை மட்டும் புரட்டலாம். நம்மை யாரோ வரைவதைப் பார்த்தே பழகியவர்களுக்கு, நம்மவர் ஒருவர் லண்டனை விலங்குக்காடாக வரைந்திருப்பதில் ஒரு திருப்தி இருக்கத்தான் செய்கிறது.

கேள்வி: மகள் வீட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. பேத்திக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. பேசினால் புரிந்துகொள்கிறாள். நான் எந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்காருவது?
– ஒரு பாட்டி, டொரொன்டோ

அம்மா, சொற்களே இல்லாத படப்புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றை யாரும் தவறாக வாசிக்க முடியாது. 2012இல் இத்தாலியின் லாம்பெடூசா தீவில், கடல் கடந்து வந்து இறங்கிய அகதிக் குழந்தைகளுக்காகச் சர்வதேச இளையோர் நூல் வாரியம் இத்தகைய புத்தகங்களைப் பல நாடுகளிலிருந்து திரட்டியது. தீவின் பிள்ளைகளும் வந்திறங்கிய பிள்ளைகளும் பொதுமொழி இல்லாமலே ஒரே புத்தகத்தின் முன் உட்காரலாம் என்பதே அதன் நோக்கம்.

உங்களுக்கு நான் சொல்வது ஜப்பானிய ஓவியர் மிட்சுமாசா அன்னோவின் பயணப் புத்தகங்கள். முதலாவது 1977இல் வந்தது. குதிரையில் ஒருவன் ஐரோப்பிய ஊர்களின் வழியே போகிறான். பக்கம் முழுவதும் எறும்பளவு மனிதர்கள்: துணி துவைக்கிறார்கள், சந்தையில் விலை பேசுகிறார்கள், அறுவடை செய்கிறார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அந்தக் குதிரைக்காரன் எங்கே என்று பேத்தி தேடுவாள். நீங்கள் தேடித் தோற்றால் இன்னும் மகிழ்வாள். கிணறு வரும்போது உங்கள் ஊர்க் கிணற்றைச் சொல்லுங்கள். இத்தனைக்கும் வாயில் வருவது தமிழாகவே இருக்கட்டும். அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னால் திருத்த வேண்டாம். தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கும் புத்தகம் வேண்டுமானால், சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் அவற்றைத் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது; மகளை வரவழைத்துத் தரச் சொல்லுங்கள், ஆளுக்கொரு மொழியில் வாசிக்கலாம்.

இன்னொரு விளையாட்டு, செலவில்லாதது. படத்தில் சேவல் வந்தால், நம் சேவல் கொக்கரக்கோ என்கிறது, ஜப்பானியச் சேவல் கொக்கேகொக்கோ என்கிறது, பிரெஞ்சுச் சேவல் கோகோரிக்கோ என்கிறது. நாய் நமக்கு லொள் லொள், ஜப்பானியருக்கு வான் வான், கொரியருக்கு மோங் மோங். மூன்று வயதுப் பிள்ளை, ஒரே நாயை வெவ்வேறு ஊர்க் காதுகள் வெவ்வேறாகக் கேட்கின்றன என்பதைக் குலுங்கிச் சிரித்தபடியே பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: ஒரு படப்புத்தகத்தைக் காட்டியபோது மகள், 'ஐயே, இந்தப் பையன் எவ்வளவு கறுப்பு' என்று முகத்தைச் சுளித்தாள். விருந்தினர் முன்னிலையில் எனக்கு வெட்கமாகிவிட்டது. அப்படிச் சொல்லக் கூடாது என்று அதட்டினேன். சரிதானா?
– ஒரு தாய், மதுரை

அதட்டியதில் அவள் கற்றுக்கொண்டது, நிறத்தைப் பற்றி விருந்தினர் முன் பேசக் கூடாது என்பது மட்டுமே. முகச்சுளிப்பு உள்ளே அப்படியே இருக்கும்.

கடுமையாகச் சொல்வதற்கு மன்னியுங்கள்: அந்தச் சுளிப்பு புத்தகத்திலிருந்து வரவில்லை. 'வெயிலில் ஆடாதே, கறுத்துப் போவாய்' என்பதையும், பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் முதல் கேள்வியாக நிறத்தைக் கேட்பதையும், முகப்பூச்சு விளம்பரத்தையும் அவள் வீட்டுக்குள்ளேயே கேட்டிருக்கிறாள். அடுத்த முறை அப்படிச் சொன்னால் அமைதியாக, 'ஆமாம், கறுப்பாக இருக்கிறான். உன் தாத்தாவும் கறுப்புதானே, அவர் மடியில்தானே தூங்குகிறாய்' என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள். உரை நிகழ்த்தாதீர்கள்.

அமெரிக்காவில் நான்சி லாரிக் என்பவர் 1965இல் எழுதிய ஒரு கட்டுரை, ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி ஒரு புத்தகத்தைப் பார்த்து, 'ஏன் எப்போதும் வெள்ளைக் குழந்தைகளாகவே இருக்கிறார்கள்' என்று கேட்டதில் தொடங்குகிறது. 1962 முதல் 1964 வரை வெளிவந்த 5,206 சிறுவர் புத்தகங்களை அவர் கணக்கிட்டுப் பார்த்ததில், ஒரு கறுப்பினத்தவராவது இடம்பெற்றவை 6.7 விழுக்காடு மட்டுமே. நம் வீட்டு அலமாரியை இதே கண்ணோடு ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நான் எண்ணினேன். தமிழில் அச்சான புத்தகங்களில்கூடக் கதாநாயகக் குழந்தைகள் பலர் ரோஜா நிறத்தில் இருந்தார்கள்.

கேள்வி: பழைய புத்தகக் கடையில் 'லிட்டில் பிளாக் சாம்போ' கிடைத்தது. சிறுவயதில் கேட்டு ரசித்த கதை. இப்போது அதைக் குழந்தைகளுக்குக் காட்டக் கூடாது என்கிறார்களே?
– ஒரு வாசகர், பாண்டிச்சேரி

கதையை எழுதிய ஹெலன் பானர்மன் ஸ்காட்லாந்துக்காரர். கணவர் இந்திய மருத்துவப் பணியில் இருந்ததால் சென்னையிலும் பிற ஊர்களிலும் நெடுங்காலம் வாழ்ந்தவர். புத்தகம் 1899இல் லண்டனில் வந்தது. புலிகள் மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி நெய்யாக உருகிப்போவதும், அந்த நெய்யில் பலகாரம் சுட்டுக் குடும்பமே தின்பதும் எந்தக் குழந்தைக்கும் பிடிக்கும். புலியும் நெய்யும் நம் நாட்டுச் சரக்கு. ஆனால் படங்களோ கறுப்பின மக்களைக் கேலி செய்த அக்காலச் சித்திரங்களின் சாயலில் உள்ளவை. சாம்போ என்ற பெயரும் அமெரிக்காவில் வசைச்சொல்லாகவே வழங்கியது. கதைக்கும் படத்துக்கும் உள்ள இந்த முரண்தான் வழக்கு.

எனவே கதையைத் தாராளமாக வாயால் சொல்லுங்கள், புத்தகத்தைப் பெரியவர்களின் அலமாரியில் வையுங்கள். 1996இல் ஃபிரெட் மார்செலினோ அதே கதைக்கு இந்தியச் சிறுவனையும் இந்தியப் பெயர்களையும் கொடுத்துப் புதிதாக வரைந்தார்; 'தி ஸ்டோரி ஆஃப் லிட்டில் பாபாஜி' என்ற அந்தப் பதிப்பைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம்.

கேள்வி: வெளிநாட்டுப் படப்புத்தகம் ஒன்றின் விலை ஐந்நூறு, அறுநூறு என்கிறார்கள். எங்களால் இயலுமா?
– ஒரு தாய், தருமபுரி

வாங்கவே வேண்டாம். நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலயா வரிசையில் தமிழ்ப் புத்தகங்கள் குறைந்த விலையில் இன்றும் கிடைக்கின்றன. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழிலும் பிற மொழிகளிலும் படக்கதைகளை இலவசமாகத் தரவிறக்கலாம். அச்சிட்டுத் தைத்துக்கொள்ளத் தடையில்லை. கைபேசித் திரையில் காட்டுவதைவிட, கறுப்பு வெள்ளையாகவேனும் தாளில் அச்சிட்டு மடியில் வைத்துக்கொள்வதை நான் விரும்புவேன். வண்ணம் தீட்டும் வேலையும் பிள்ளைக்குக் கிடைக்கும். சென்னைக்கோ மதுரைக்கோ வர நேர்ந்தால் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் உள்ள குழந்தைகள் பகுதியில் அரை நாள் செலவிடுங்கள். உள்ளூர் நூலகத்தில் என்ன இருக்கிறது என்பதையும் ஒருமுறை நேரில் போய்க் கிளறிப் பாருங்கள். யாரும் எடுக்காத கீழ்த்தட்டில்தான் இவை இருக்கும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஏப்ரல் 2ஆம் நாளைப் பல நாட்டு உடைகளில் மாறுவேடப் போட்டி வைத்துக் கொண்டாடுகிறோம். வேறு ஏதேனும் செய்யலாமா?
– மழலையர் பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

ஏப்ரல் 2 டென்மார்க் நாட்டுச் சிறுவர் கதாசிரியர் ஆன்டர்சன் பிறந்த நாள். 1967 முதல் அது சர்வதேசக் குழந்தைகள் நூல் தினம். அதன் பின்னால் இருப்பவர் ஜெல்லா லெப்மன். அவர் ஜெர்மானிய யூதர். இட்லரின் ஆட்சியில் நாட்டைவிட்டு வெளியேறி, 1945இல் இடிபாடாகக் கிடந்த ஜெர்மனிக்குத் திரும்பினார். பிள்ளைகளுக்கு உணவும் வேண்டும், புத்தகமும் வேண்டும் என்று இருபது நாடுகளுக்குக் கடிதம் எழுதினார். இரண்டு முறை ஜெர்மனியின் படையெடுப்புக்கு ஆளான பெல்ஜியம் முதலில் மறுத்துவிட்டது. லெப்மன் விடவில்லை; ஜெர்மன் குழந்தைகளுக்குப் புதிய தொடக்கத்தைக் கொடுக்குமாறு மீண்டும் எழுதினார். பெல்ஜியத்தின் புத்தகங்களும் வந்தன. 1946இல் மியூனிக்கில் கண்காட்சி நடந்தது. 1949இல் அங்கேயே சர்வதேச இளையோர் நூலகம் பிறந்தது. நேற்றுவரை பகைவராக இருந்தவர்களின் பிள்ளைகள் என்ன வாசிக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகத் தொடங்கிய காரியம் இது என்பதை நினைத்தால், காகிதத்தில் செய்த தொப்பியை மாட்டி மேடையேற்றிப் பரிசு கொடுப்பது எனக்குக் கொஞ்சம் சிறிதாகத் தெரிகிறது. தோற்ற பிள்ளைகள் அழுவது வேறு.

கமிஷிபாய் செய்து பாருங்கள். 1930களில் ஜப்பானியத் தெருக்களில் மிதிவண்டியின் பின்னால் ஒரு மரச்சட்டத்தைக் கட்டிக்கொண்டு கதைசொல்லி வருவார். இரண்டு கட்டைகளைத் தட்டி ஓசை எழுப்புவார், பிள்ளைகள் ஓடிவருவார்கள், முதலில் மிட்டாய் விற்பார், பிறகு சட்டத்துக்குள் உள்ள பட அட்டைகளை ஒவ்வொன்றாக உருவிக் கதை சொல்வார். நம் ஊரில் மணியடித்துக்கொண்டு வரும் பஞ்சுமிட்டாய்க்காரர் கதையும் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. உங்களுக்குத் தேவை ஓர் அட்டைப்பெட்டி, பன்னிரண்டு கெட்டி அட்டைகள், இரண்டு மரத்துண்டுகள், ஒரு பொட்டலம் கடலை மிட்டாய். நிலா முயல் கதையைப் பன்னிரண்டு படங்களாகப் பிரித்து, பெரிய வகுப்புப் பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். உருவிய அட்டை அடுக்கின் பின்னால் போய்விடுவதால், முன்னால் தெரியும் படத்துக்கான வசனம் எப்போதும் கடைசி அட்டையின் முதுகில் இருக்க வேண்டும். அதாவது, முதல் படத்தின் வசனத்தைப் பன்னிரண்டாம் அட்டையின் பின்புறத்திலும், இரண்டாம் படத்தின் வசனத்தை முதல் அட்டையின் பின்புறத்திலும் எழுதுங்கள். நான் முதன்முறை செய்தபோது அந்தந்தப் படத்தின் பின்னாலேயே எழுதிவிட்டேன். முயல் உரலண்டை நிற்கும்போது என் வாயில் விருந்து முடிந்த கதை வந்தது. முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் என்னை நிறுத்தி, மிட்டாயை வாயில் அடக்கியபடியே மீதியைத் தாங்களே சொல்லி முடித்தார்கள்.